புத்தகப் பட்டியலைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

கல்லூரிப் படிப்பும் செலவும் – வாசகர் கேள்வி பதில்

கல்லூரி திறந்ததும் வருகிற கடிதங்களில் ஃபீஸைப் பற்றிய புலம்பலைவிடப் புத்தகச் செலவைப் பற்றிய புலம்பல்தான் இம்முறை அதிகம். பாலக்காடு, செங்கோட்டை, மூணாறு, நகரி என்று எல்லையோர ஊர்களிலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

*

என் மகள் பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். காலிகட் பல்கலைக்கழகம். முதல் வாரமே ஒரு பக்கம் நிறையப் புத்தகப் பெயர்களை எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். எல்லாம் வாங்க எங்களால் ஆகாது. நெட்டில் இலவசமாகவே கிடைக்கும் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பட்டியலை ஓரமாக வையுங்கள். முதலில் வேண்டியது சிலபஸ். பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து அந்தப் பாடத்துக்கான பி.டி.எஃப்.பை இறக்கி, ஆண்டைச் சரிபாருங்கள். கேரளத்தில் 2024–25 முதல் நான்காண்டுப் பட்டப் படிப்பு வந்துவிட்டது. அதற்கு முன் சேர்ந்த அக்காமார் தருகிற பழைய சிலபஸும் கைடும் இவளுக்குப் பொருந்தாது. விஷயம் பெரும்பாலும் அதேதான். எந்தப் பாடம் எந்த செமஸ்டரில், எந்த மாட்யூலில் என்பது மாறியிருக்கும். சிலபஸின் கடைசியில் 'டெக்ஸ்ட்' என்றும் 'ரெஃபரன்ஸ்' என்றும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். ரெஃபரன்ஸ் புத்தகம் நூலகத்தில் புரட்டுவதற்கு. அதைக் காசு போட்டு வாங்குவதுதான் முதல் வீண்செலவு.

அடுத்து ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள்: தலைப்பு, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம். ஒவ்வொரு மாட்யூலிலும் உள்ள தலைப்புகளை முதல் கட்டத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, அதன்பிறகே இணையத்துக்குப் போக வேண்டும். இதைச் செய்யாமல் தேடப் போகிறவர்கள் போன் நிறைய பி.டி.எஃப். சேர்க்கிறார்கள், பரீட்சைக்கு முதல்நாள் எதைத் திறப்பது என்று தெரியாமல் விழிக்கிறார்கள்.

முதலாண்டு இயற்பியலுக்கு நல்ல இலவசப் புத்தகம் ஓபன்ஸ்டாக்ஸ். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012 முதல் வெளியிட்டுவரும் வரிசை இது. அதில் ஒரு கண்ணி உண்டு. 'காலேஜ் பிசிக்ஸ்' என்று ஒரு புத்தகம் இருக்கும். பெயரைப் பார்த்து எல்லோரும் அதையே இறக்குகிறார்கள். அதில் கால்குலஸ் கிடையாது. பி.எஸ்சி.க்கு வேண்டியது 'யுனிவர்சிட்டி பிசிக்ஸ்'. அது மூன்று தொகுதி: முதலாவதில் இயக்கவியல், அலைவு, அலை, ஒலி, இரண்டாவதில் வெப்ப இயக்கவியல், மின்சாரம், காந்தம், மூன்றாவதில் ஒளியியலும் நவீன இயற்பியலும். ஒவ்வொரு தொகுதியிலும் அத்தியாய எண் மறுபடி 1-இலிருந்து தொடங்கும். நோட்டில் '5-ஆம் அத்தியாயம்' என்று மட்டும் எழுதினால் மின்புலமா சார்பியலா என்று குழம்பும். தொகுதி எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். பயிற்சிக் கணக்குகளில் ஒற்றைப்படை எண் உள்ளவற்றுக்குப் புத்தகத்தின் பின்னால் விடை இருக்கிறது. தனியாகப் படிக்கிற பிள்ளைக்கு இது பெரிய வசதி.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்கு இது போதாது. லெக்ராஞ்சியன் முறை, மின்இயக்கவியல், குவாண்டம் இயக்கவியலின் கணிதப் பகுதி ஆகியவற்றுக்கு என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் இலவச இணைய வகுப்புகள்) பாடங்களையும், யு.ஜி.சி.யின் இ-பி.ஜி. பாடசாலையில் உள்ள பாடக்குறிப்புகளையும் பார்க்கலாம். பின்னது எம்.எஸ்சி.க்காக எழுதப்பட்டது. அதன் முதல் சில பாடங்கள் பி.எஸ்சி. இறுதியாண்டுக்குச் சரியாக இருக்கும்.

இனி அச்செடுக்கும் விஷயம். முழுப் புத்தகத்தையும் பிரின்ட் எடுத்தால் கடையில் வாங்கியிருக்கலாமே என்று ஆகிவிடும். நோட்டில் குறித்த பக்கங்களை மட்டும் எடுங்கள். இங்கேதான் பலருக்குக் காசு போகிறது: புத்தகத்தில் அச்சான பக்க எண்ணும், பி.டி.எஃப். காட்டுகிற எண்ணும் ஒன்றாக இருக்காது. முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் சேர்ந்து எண்ணைத் தள்ளிவிடும். தாளில் 215 என்று இருக்கும் பக்கத்துக்குப் போய், மேலே பி.டி.எஃப். எண் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 225 என்றால் வித்தியாசம் 10. கடைக்காரரிடம் சொல்வதற்கு முன் எல்லாப் பக்கத்துக்கும் அந்தப் பத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

100 பக்கத்தை இருபுறமும் எடுத்தால் 50 தாள். ஒரு புறத்தில் இரண்டு பக்கம் வீதம் சுருக்கி இருபுறமும் எடுத்தால் 25 தாள். பொருளாதாரம், வரலாறு போன்ற பாடங்களுக்கு இந்தச் சுருக்கம் சரி. இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் வேண்டாம். எழுத்து முக்கால் அளவுக்கும் கீழே போய்விடும், அடுக்குக்குறியில் 2-ஆ 3-ஆ என்று தெரியாது. வரைபடத்தில் சிவப்புக் கோடும் நீலக் கோடும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அந்தப் பக்கங்களை மட்டும் போனில் பார்த்து, தாளில் கோட்டின் மேல் பெயர் எழுதிக்கொண்டால் போதும். மாட்யூலுக்கு ஒன்றாகத் தனித்தனி ஸ்பைரல் போடுங்கள். ஒரே கட்டாகப் போட்டால் பாதி செமஸ்டரில் கம்பி பிய்ந்துவிடும்.

ஒன்றையும் வாங்கவே வேண்டாமா என்றால், ஆய்வுக்கூடக் கையேடு வாங்கத்தான் வேண்டும். கல்லூரியில் புக் பேங்க் இருக்கிறதா என்று முதல் வாரமே கேட்டு வையுங்கள். தாமதித்தால் கிழிந்த பிரதிதான் மிஞ்சும்.

*

பையன் புனலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். படிக்கிறான். ஓபன்ஸ்டாக்ஸில் அக்கவுண்டிங் புத்தகம் இருக்கிறது, அதுவே போதும் என்கிறான். நம்பலாமா?
– ஒரு தந்தை, செங்கோட்டை

பாதி நம்பலாம். பற்று வரவு விதி, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு எல்லாம் உலகம் முழுக்க ஒன்றுதான். அந்தப் புத்தகத்தில் விளக்கமும் தெளிவு. இறுதிக் கணக்குக்கு வந்ததும் வழி பிரிகிறது. அமெரிக்க முறையில் ஐந்தொகையில் ரொக்கம் முதலான நடப்புச் சொத்துகள் மேலே வரும். இங்கே கம்பெனி கணக்குக்கு 2013 கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைதான் படிவம். அதில் முதலில் பங்கு மூலதனமும் பொறுப்புகளும், பிறகு சொத்துகள். சொத்துகளிலும் நடப்பல்லாதவைதான் முன்னால். பையன் அமெரிக்கப் படிவத்தில் எழுதினால் தொகை சரியாக வந்தாலும் மார்க் போகும். சரக்கிருப்பு மதிப்பீட்டில் 'கடைசியில் வந்தது முதலில் போகும்' என்கிற லிஃபோ முறையை அந்தப் புத்தகம் விரிவாகச் சொல்லித்தரும். நம் கணக்கியல் தரம் 2 அதை அனுமதிப்பதில்லை. கூட்டாண்மைக் கணக்கு, கம்பெனிச் சட்டம், வருமான வரி, ஜி.எஸ்.டி. இவற்றுக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அந்தப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியான மேலாண்மைக் கணக்கியல் வேறு மாதிரி. சமநிலைப் புள்ளி, பட்ஜெட், நியமச் செலவு எல்லாம் தாராளமாக அதிலேயே படிக்கலாம். டாலரை ரூபாய் என்று வாசித்துக்கொண்டால் சரி.

மீதிக்குச் சரியான இடம் சி.ஏ. படிப்பை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ. நிறுவனம். ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட் இரண்டுக்கும் உரிய பாடநூல்களை அவர்கள் தங்கள் தளத்திலேயே பி.டி.எஃப்.பாகப் போட்டிருக்கிறார்கள். சி.ஏ. சேராதவரும் இறக்கிக்கொள்ளலாம். பி.காம். முதலிரண்டு ஆண்டுக்கு ஃபவுண்டேஷன் கணக்கியலே தாராளம், கணக்கு ஏராளம். வரிப் பாடத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: எந்த மாதம், எந்த ஆண்டுத் தேர்வுக்கானது என்று அட்டையைப் பாருங்கள். நிதிச் சட்டம் ஆண்டுதோறும் மாறும். இரண்டு வருடம் பழைய வரிப் புத்தகம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

*

எஸ்டேட் லயத்தில் இருக்கிறோம். டவர் வந்தால் வரும், மழைக்காலத்தில் அதுவும் இல்லை. வீடியோ ஓடவே ஓடாது. லேப்டாப் கிடையாது, பழைய போன்தான். எனக்கு இந்த இலவசப் பாடங்களால் என்ன பயன்?
– கல்லூரி மாணவி, மூணாறு

நெட் இல்லாமல் படிப்பதற்குத்தான் இவை வசதி. ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு டவர் தேவையில்லை. எதை இறக்குவது என்பதில் கணக்காக இருக்க வேண்டும்.

ஒரு மணி நேர வீடியோ சாதாரணத் தரத்திலேயே 200, 300 எம்.பி. பிடிக்கும். அதே பாடத்தின் ஒலியை மட்டும் நொடிக்கு 64 கிலோபிட் தரத்தில் எடுத்தால் மணிக்கு 29 எம்.பி.தான். எழுத்து வடிவம் அதைவிடக் குறைவு. என்.பி.டி.இ.எல். பாடங்கள் பலவற்றுக்கு வகுப்பில் பேசியதை அப்படியே எழுதிய பி.டி.எஃப். பாடப்பக்கத்திலேயே இருக்கும், 'டவுன்லோட்ஸ்' பகுதியில் பாருங்கள். முதலில் அதை எடுங்கள். படித்தும் புரியாத இரண்டு மூன்று வகுப்புகளின் வீடியோவை மட்டும் கல்லூரி வைஃபையில் இறக்கினால் போதும்.

கிவிக்ஸ் என்று ஓர் ஆப் இருக்கிறது. விக்கிபீடியா போன்ற தளங்களை ஒரே கோப்பாகச் சுருக்கி, நெட் இல்லாமல் தேடிப் படிக்க வைக்கும். ஆங்கில விக்கிபீடியா முழுவதும் படங்களோடு ஏறக்குறைய 100 ஜி.பி. ஆகும், அதைத் தொடாதீர்கள். வேதியியல், இயற்பியல், கணிதம் என்று பாடவாரியாகச் சிறு கோப்புகள் உண்டு, படமில்லாத கோப்புகளும் உண்டு. தமிழ் விக்கிபீடியாவும் இருக்கிறது. தோழியின் கணினியில் இறக்கி மெமரி கார்டில் ஏற்றும்போது 'கோப்பு மிகப் பெரியது' என்று நின்றுவிட்டால், கார்டில் இடம் இல்லை என்று நினைக்க வேண்டாம். 32 ஜி.பி. வரையிலான கார்டுகள் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. கார்டை எக்ஸ்ஃபேட் முறைக்கு ஃபார்மேட் செய்ய வேண்டும். அதில் உள்ள படம், பாட்டு எல்லாம் அழிந்துவிடும் என்பதால் முன்பே நகல் எடுத்து வையுங்கள். பழைய போன் சிலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது. அப்படியானால் 4 ஜி.பி.க்குள் அடங்குகிற கோப்பாகத் தேர்ந்தெடுங்கள். பிளே ஸ்டோரில் இறக்கிய கிவிக்ஸ், இப்படி வெளியிலிருந்து கொண்டுவந்த கோப்பைத் திறக்க அடம்பிடிக்கலாம். கிவிக்ஸின் சொந்தத் தளத்தில் உள்ள ஆப்பைப் போட்டால் திறக்கும்.

அறிவியல் மாணவி என்றால் இன்னொன்று: கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் செயல்விளக்கங்கள். மின்சுற்று, ஊசல், அமிலக் காரம் எல்லாவற்றையும் திரையில் விரலால் செய்து பார்க்கலாம். ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக இறக்கி பிரவுசரில் நெட் இல்லாமல் திறக்கலாம். பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் இருக்கிறது.

*

பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இப்போது டிகிரியில் எல்லாம் ஆங்கிலம். வகுப்பில் சொல்வது தலைக்கு மேலே போகிறது. தமிழில் ஏதாவது இருக்கிறதா?
– மாணவர், நகரி

பட்டப் படிப்பு முழுவதையும் தமிழில் படித்து முடிக்கிற அளவுக்கு இலவசப் பொருள் இல்லை. பாலம் போட மட்டும் தேவையானது இருக்கிறது.

தமிழ்நாடு அரசின் 11, 12-ஆம் வகுப்புப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் பி.டி.எஃப்.பாக இலவசம். இரண்டையும் இறக்குங்கள். அத்தியாய எண்ணும் உட்பகுதி எண்ணும் இரண்டிலும் ஒன்றே என்பதால் 'உந்தம்' என்ற பத்தியையும் 'மொமெண்டம்' என்ற பத்தியையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். பல புத்தகங்களின் கடைசியில் கலைச்சொல் பட்டியலும் உண்டு. டிகிரி முதலாண்டில் பாதி 12-ஆம் வகுப்பின் நீட்சிதான். இரண்டு மாதம் இதைச் செய்தால் வகுப்பு காதில் ஏறும். அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலப் புத்தகத்தை வரிவரியாக மொழிபெயர்ப்பதைவிட இது வேகம்.

கணினிப் பாடம் என்றால் ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல். பைதான், லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்றவற்றுக்குப் பத்து நிமிடம் முன்பின்னான பாடங்கள், பலவற்றுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. திரை ஆங்கிலத்திலேயே இருப்பதால் பரீட்சைக்குச் சிக்கல் வராது. பாலிடெக்னிக், பொறியியல் முதலாண்டுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் இ-கும்ப் தளத்தில் தமிழ்ப் பாடநூல்கள் இருக்கின்றன.

பி.ஏ. தமிழ் என்றால் கவலையே இல்லை. 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்திலும் இலக்கியங்கள் குவிந்து கிடக்கின்றன. பின்னதில் பல நூல்களுக்கு உரையும் உண்டு. ஆனால் தேர்வுக்கு உங்கள் பல்கலைக்கழகம் எந்தப் பதிப்பைக் குறித்திருக்கிறதோ அதன் பாடல் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். பாட வேறுபாடும் எண் வேறுபாடும் வரும்.

பழைய தமிழ் பி.டி.எஃப். சிலவற்றில் ஒரு சொல்லைத் தேடினால் 'இல்லை' என்று வரும், கண்ணெதிரே இருந்தாலும். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். அவை பாமினி போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்தவை. எழுத்துருமாற்றி ஒன்றில் அந்தக் குப்பையை ஒட்டி, எந்த எழுத்துரு என்று தேர்ந்தெடுத்தால் யூனிகோடாக மாறிவிடும். ஸ்கேன் செய்த படமாக இருந்தால் இந்த வழி உதவாது.

*

போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மாநிலக் கல்லூரிப் பிள்ளைகளும் வருகிறார்கள். முழுப் புத்தகத்தையும் கொடுத்து எடுக்கச் சொல்கிறார்கள். கேஸ் ஆகுமா?
– கடைக்காரர், களியக்காவிளை

கையில் இருப்பது என்ன புத்தகம் என்பதைப் பொறுத்தது. ஓபன்ஸ்டாக்ஸ் யுனிவர்சிட்டி பிசிக்ஸின் உள்பக்கத்தில் 'சி.சி. பை' என்ற திறந்த உரிமக் குறி இருக்கும் (சி.சி. என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ்). யார் எழுதியது என்ற விவரத்தை நீக்காமல் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம், விற்கவும் செய்யலாம். 'என்.சி.' என்று சேர்ந்திருந்தால் வணிக நோக்கம் கூடாது. ஓபன்ஸ்டாக்ஸின் கால்குலஸ் அந்த வகை. 50 பிரதி போட்டுக் கடையில் அடுக்கி வைத்து விற்காதீர்கள். இக்னோவின் இ-ஞானகோஷ் பாடங்களும் என்.சி.இ.ஆர்.டி. நூல்களும் இலவசமாகப் படிக்கக் கிடைப்பவை, ஆனால் காப்புரிமை உள்ளவை. அச்சிட்டு விற்பனை செய்ய உரிமை இல்லை.

சாதாரணக் காப்புரிமைப் புத்தகத்துக்கு வழிகாட்டியாக இருப்பது டெல்லி பல்கலைக்கழக போட்டோகாப்பி வழக்கு. ஆசிரியர் பாடத்துக்காகத் தொகுத்த பக்கங்களை நகலெடுத்துக் கொடுப்பது, 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஐ) பிரிவின் விலக்குக்குள் வரும் என்று 2016-இல் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது. கற்பித்தலுக்குத் தேவையான அளவு என்பது அதன் அளவுகோல். பதிப்பாளர்கள் 2017-இல் வழக்கைக் கைவிட்டார்கள். அது டெல்லி உயர்நீதிமன்றத் தீர்ப்பு. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் எடுத்துக்காட்டலாமே தவிர இங்குள்ள நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆகவே ஆசிரியர் குறித்துக் கொடுத்த அத்தியாயங்களை எடுங்கள், அந்தச் சீட்டை வைத்திருங்கள். அட்டையிலிருந்து அட்டை வரை எடுத்து பைண்டிங் போட்டு விற்பதை அந்தத் தீர்ப்பு காப்பாற்றும் என்று நம்பி இறங்காதீர்கள்.

*

டெலிகிராமில் எல்லாப் புத்தகமும் முழுசாகக் கிடைக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு?
– பெயர் போடவில்லை, கூடலூர்

அது திருட்டுப் பிரதி. தவிர, எந்தப் பதிப்பு என்று தெரியாது, நடுவில் பக்கம் இருக்காது, 'புத்தகம் படிக்க இந்த ஆப்பைப் போடு' என்று வருகிற கோப்பு போனுக்கு வினை.

*

கல்லூரியில் என்.பி.டி.இ.எல். தேர்வு எழுதச் சொல்கிறார்கள். 1,000 ரூபாய் கட்டணம். இலவசம் என்றுதானே சொன்னார்கள்?
– மாணவர், குழித்துறை

படிப்பு இலவசம், சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சலுகை உண்டு, சான்றைப் பதிவின்போதே ஏற்ற வேண்டும். பாடத்தில் சேர்வதும் தேர்வுக்குப் பதிவதும் தனித்தனி வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதின் கடைசித் தேதியைக் கோட்டை விடுகிறவர்களே அதிகம்.

பணம் கட்டுமுன் துறைத்தலைவரிடம் ஒன்று கேளுங்கள்: இந்தப் பாடத்துக்கு கிரெடிட் ஏற்பீர்களா, எந்தத் தாளுக்குப் பதிலாக? யு.ஜி.சி.யின் 2021 விதிப்படி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் (என்.பி.டி.இ.எல். பாடங்களும் இடம்பெறும் மத்திய அரசின் இணையப் பாடத்தளம்) வழியாகப் படிக்கலாம். பல்கலைக்கழகம் அதை ஏற்று உத்தரவு போட்டிருந்தால்தான் உங்களுக்குப் பலன். வாய்மொழியாக 'ஆகும்' என்றால் போதாது, எழுத்தில் வேண்டும். கிரெடிட் இல்லையென்றால் படித்துவிட்டு 1,000 ரூபாயை மிச்சம் பிடிக்கலாம்.

எழுதுவதாக இருந்தால், வாரப் பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 பயிற்சிகளின் சராசரியை எடுப்பார்கள். பயிற்சியில் 25-க்கு 10-உம், தேர்வில் 75-க்கு 30-உம் தனித்தனியே வாங்க வேண்டும். தேர்வில் 60 எடுத்து, பயிற்சியைச் சமர்ப்பிக்காமல் சான்றிதழை இழந்தவர்கள் உண்டு. தேர்வு மையத்துக்கு நேரில்தான் போக வேண்டும். மையம் கேட்கும்போது மாநிலத்தைப் பார்க்காமல் பஸ்ஸைப் பாருங்கள். குழித்துறையிலிருந்து திருவனந்தபுரமும் உங்களுக்குக் கிட்டத்தான்.

*

ஓபன்ஸ்டாக்ஸ், விக்கி எல்லாவற்றிலிருந்தும் எடுத்து என் வகுப்புக்குத் தமிழ் விளக்கத்தோடு ஒரு நோட்ஸ் தயாரிக்க ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?
– விரிவுரையாளர், கம்பம்

ஒவ்வொரு பகுதியின் அடியிலும் நான்கு விவரம் போடுங்கள்: தலைப்பு, ஆசிரியர், எங்கிருந்து எடுத்தது, எந்த உரிமம். மாற்றியிருந்தால் 'மொழிபெயர்த்துச் சுருக்கியது' என்று ஒரு வரி. எழுதும்போதே போடுங்கள், கடைசியில் தேடினால் கிடைக்காது.

'என்.டி.' (மாற்றம் செய்யக் கூடாது) என்ற குறி உள்ளதை மொழிபெயர்த்து வெளியிடக் கூடாது, எடுக்காதீர்கள். விக்கிபீடியாவின் உரிமம் 'பை-எஸ்.ஏ.', கால்குலஸ் புத்தகத்தினுடையது 'பை-என்.சி.-எஸ்.ஏ.' எஸ்.ஏ. என்றால், மாற்றி எழுதியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். இரண்டையும் கலந்து ஒரே பத்தியாக எழுதினால் எந்த உரிமத்தில் வெளியிடுவது என்று முட்டிக்கொள்ளும்; தனித்தனிப் பகுதியாக, தனித்தனி உரிமத்தோடு வையுங்கள். புத்தகம் திறந்த உரிமத்தில் இருந்தாலும் அதில் உள்ள ஒரு போட்டோ வேறொருவருடையதாக இருக்கலாம். படத்தின் கீழுள்ள சிறு எழுத்தைப் படிக்காமல் வெட்டி ஒட்ட வேண்டாம்.

யூனிகோடில் அடியுங்கள். பி.டி.எஃப்.போடு திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் சேர்த்தே பிள்ளைகளிடம் கொடுங்கள். அடுத்த சிலபஸ் மாறும்போது, உங்கள் இடத்துக்கு வருகிறவர் அதிலேயே திருத்திக்கொள்வார்.